ரயிலில் யார் படித்தார்கள், எதைப் படித்தார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: ரயிலில் புத்தகம் படித்த காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் உருகி உருகிப் பேசுகிறார்கள், உங்கள் தாத்தாவும் அப்படித்தான், அது உண்மையிலேயே ஊருக்கே இருந்த பழக்கமா, இல்லை வயது ஏற ஏற அழகு கூடிப்போன நினைவா? ஸ்டேஷன் புத்தகக் கடைகளெல்லாம் எங்கே போயின? போகிற போக்கில், அடுத்த மாதம் சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போவதாகவும், என்ன எடுத்துப்போகலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. எந்த வகுப்பு, பகலா இரவா, யார் கையில் காசு என்று பிரித்துப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் ஒரு தமிழ் வார இதழின் சர்க்குலேஷன் பிரிவில், அதாவது பிரதிகளை ஊர் ஊராக அனுப்பி விற்கும் பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எழும்பூரில் பார்சல் கட்டுகளை ஏற்றிவிடுவதில் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாகப் போய் ஏஜென்டுகளிடம் கணக்கு முடிப்பது, விற்காமல் திரும்பி வரும் ரிட்டர்ன் பிரதிகளை எண்ணுவது, ஸ்டால்காரர் நம் இதழை முன்வரிசையில் தொங்கவிட்டிருக்கிறாரா என்று பார்ப்பது வரை எல்லாம் செய்திருக்கிறேன். அதனால் தமிழ்நாட்டு ஸ்டேஷன்களைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். வடக்கே நான் வெறும் பயணிதான்.

சந்தேகமில்லாத விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் புத்தகம் விற்பது இங்கே ரொம்பப் பழைய, பெரிய வியாபாரம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் போனது. அதற்கு 12 ஆண்டு முன்பே, 1844-இல், ஹிக்கின்பாதம்ஸ் மதராஸில் கடை திறந்துவிட்டது. பின்னால் தெற்கத்திய ஸ்டேஷன்களின் புத்தக ஸ்டால்கள் என்றாலே அவர்கள் பெயர்தான். வடக்கே 1877-இல் அலகாபாத்தில் எமில் மோரோ என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய ஏ.எச். வீலர் அந்த இடத்தைப் பிடித்தது. 1888-இல் வீலர் ‘இந்திய ரயில்வே நூலகம்’ என்று ஒரு வரிசையே போட்டது. புத்தகம் 1 ரூபாய். அலகாபாத்தில் பத்திரிகை வேலையில் இருந்த கிப்ளிங் என்ற இளைஞரின் கதைகள் அதில் ஆறு புத்தகங்களாக வந்தன. நோபல் பரிசு வரைக்கும் போன ஒருவரின் எழுத்து முதலில் பரவியது ரயில்வே பிளாட்பாரத்தில்தான்.

ஆனால் அந்த 1 ரூபாயைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். 1888-இல் 1 ரூபாய் கூலிக்காரனுக்குச் சில நாள் சம்பளம். அந்தப் புத்தகங்கள் துரைமார்களுக்கும் ஆங்கிலம் படித்த உத்தியோகஸ்தர்களுக்கும் அச்சிடப்பட்டவை. அதே வண்டியின் மறுமுனையில் என்ன நடந்தது என்பதற்குக் காந்தியே சாட்சி. 1917 செப்டம்பரில் பம்பாயிலிருந்து மதராஸுக்கு மூன்றாம் வகுப்பில் வந்ததைப் பற்றி அவர் பத்திரிகைகளுக்கு எழுதினார். 22 பேர் என்று எழுதியிருந்த பெட்டி, அதுவும் உட்கார மட்டும்தான் இடம், ராய்ச்சூருக்குப் பிறகு நெருக்கடி தாங்கவில்லை என்கிறார். அந்தப் பெட்டியில் யார் புத்தகத்தை விரித்திருக்க முடியும்? (காந்தி ஒரே மூச்சில் ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினைப் படித்த அந்தப் புகழ்பெற்ற ரயில் 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போனது. அதை இந்திய ரயில் கணக்கில் சேர்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொன்னேன்.)

எழுத்தறிவையும் பார்க்க வேண்டும். 1961 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 28 பேர். 1991-இல்தான் அது பாதியைத் தாண்டி 52 ஆனது. ஆகவே ‘அந்தக் காலத்தில் ரயிலில் எல்லோரும் படித்தார்கள்’ என்பது கணக்குக்கு ஒத்துவராது. படித்தவர்கள் படித்தார்கள், அவர்களே பிற்பாடு அதைப் பற்றி எழுதவும் செய்தார்கள். மூட்டை மேல் உட்கார்ந்து விழுப்புரம் வரை வந்தவர் நினைவுக் கட்டுரை எழுதவில்லை. உங்கள் தாத்தா பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் தன் பெட்டியைப் பற்றிச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிக்குள்ளும் எல்லா நேரமும் படிக்க முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. நினைவுக் கட்டுரைகளில் யாரும் வெளிச்சத்தைப் பற்றி எழுதுவதில்லை, எனக்கு அது பெரிய ஆச்சரியம். பழைய பெட்டிகளில் விளக்குக்கான மின்சாரம் பெட்டிக்கு அடியில், சக்கரத்தின் அச்சோடு பெல்ட் போட்டு இணைத்த டைனமோவிலிருந்து வந்தது. வண்டி ஓடினால் பாட்டரி ஏறும். சிக்னலில் நெடுநேரம் நின்றால் பல்பு மஞ்சளாகி, பிறகு செம்பழுப்பாகி, கண்ணுக்கு எரிச்சல்தான் மிச்சம். டைனமோ பெல்ட்டை அறுத்துக்கொண்டு போகிற திருட்டும் உண்டு. அப்படிப்பட்ட பெட்டி வாய்த்தால் அன்று இரவு முழுக்க இருட்டுதான். விளக்கு நன்றாக எரிந்தாலும் ஒன்பதரை மணிக்கு மேல் யாராவது ஒரு மாமா “லைட்டை அணைங்கப்பா” என்று குரல் கொடுப்பார். இரவு வண்டிகளில் புத்தகம் தலையணைக்கு அடியில்தான் பெரும்பாலும் பயணம் செய்தது. நீராவி எஞ்சின் காலத்தில் ஜன்னலோரப் பகல் வாசிப்பும் சுலபமில்லை, கண்ணில் கரித்தூள் விழும்.

அதனால்தான் பகல் வண்டிகள் எங்கள் தொழிலுக்கு முக்கியமாக இருந்தன. 1977 சுதந்திர தினத்தன்று சென்னைக்கும் மதுரைக்கும் இடையே வைகை எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்தது. மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதைதான், ஆனாலும் ஒரே பகலில் ஊர் போய்ச் சேரலாம். ஏழெட்டு மணி நேரம், உட்காரும் இருக்கை, ஜன்னல் வெளிச்சம், தூங்கவும் முடியாது. வாரப் பத்திரிகைக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடையாது. இதழ் வெளியாகும் நாளில் பகல் வண்டிகள் கிளம்பும் பிளாட்பாரத்தில் கட்டுப் பிரிக்கும்போதே கை நீளும். அதே ஸ்டாலில் இரவு வண்டி நேரத்தில் தண்ணீரும் பூட்டுச் சங்கிலியும் கேட்பார்கள், பத்திரிகை கேட்பவர் கொஞ்சம்தான்.

இன்னொன்றையும் தொழிலில் இருந்தவர்கள்தான் கவனித்திருப்பார்கள். ஸ்டால் பிளாட்பாரத்தின் நடுவில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். முன்பதிவில்லாப் பெட்டிகள் வண்டியின் இரண்டு கோடியிலும் இருக்கும். அங்கே உட்கார இடம் பிடித்தவர் அந்த இடத்தை விட்டு எழுந்து ஸ்டால் வரை நடந்து வர மாட்டார், வந்தால் இடம் போய்விடும். அவருக்குப் புத்தகம் வேண்டுமென்றால் புத்தகம்தான் அவர் ஜன்னலுக்குப் போக வேண்டும். முழங்கை வரை அடுக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடும் பையன்கள் விற்றவை வேறு சரக்கு: சினிமாப் பாட்டுப் புத்தகம், விடுகதை, கைரேகை, சமையல் குறிப்பு, மாரியம்மன் தாலாட்டு, பெரிய எழுத்துக் கதைகள். சென்னை சென்ட்ரலில் வடக்கே போகும் வண்டிகளுக்கு ‘முப்பது நாளில் இந்தி’ வகைப் புத்தகங்கள். இரண்டு இரவு, ஒரு பகல் பயணத்தில் முப்பது நாள் பாடத்தை முடித்துவிடும் நம்பிக்கையோடு வாங்கியவர்கள் நிறையப் பேர். ராணுவத்துக்கும் வேலைக்கும் போன பையன்களுக்கு நாக்பூர் தாண்டியதும் அந்தப் புத்தகம்தான் துணை. ரயில் வாசிப்பைப் பற்றிப் பேசும்போது இந்தச் சரக்கை யாரும் இலக்கியக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கென்னவோ, எண்ணிக்கையில் பார்த்தால் இதுதான் பெரிது என்று தோன்றுகிறது. ரசீது இல்லாத வியாபாரம் என்பதால் நிரூபிக்கக் காகிதம் காட்ட முடியாது. கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ரயில் வாசிப்பு நினைவில் இவ்வளவு ஆழமாக ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், நாம் அங்கே படித்தது நாம் தேர்ந்தெடுத்த புத்தகம் இல்லை என்பதுதான் என்று நினைக்கிறேன். வீட்டில் படிப்பதை நாம் எடுக்கிறோம். ரயிலில் கிடைத்ததைப் படித்தோம். “சார், அந்த புக்கைக் கொஞ்சம் தர்றீங்களா, பார்த்துட்டுத் தர்றேன்” என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்பது அப்போது கூச்சப்பட வேண்டிய காரியமில்லை. செங்கல்பட்டு வருவதற்குள் செய்தித்தாள் நாலு தாளாகப் பிரிந்து நாலு பேர் கையில் இருக்கும். விளையாட்டுப் பக்கம் மேல் பெர்த்துக்குப் போய்விடும். வார இதழ் வாங்கியவர் முதலில் படிப்பது தொடர்கதை. அவர் முடித்ததும் எதிர் ஸீட் அம்மா கை நீட்டுவார். அவரிடமிருந்து அது வயசுப் பெண்ணுக்கு, பிறகு குழந்தைகளுக்கு ஜோக் பார்க்க. வாங்கியவர் திண்டுக்கல்லில் இறங்கும்போது இதழ் மூன்று தடுப்பு தள்ளி எங்கோ இருக்கும். “பரவாயில்லை, வெச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு இறங்குவார். ஒரு பிரதியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று விளம்பரதாரர்களிடம் பேசும்போது எங்கள் ஆட்கள் ரயிலைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

இதனால் வேடிக்கையான விளைவுகளும் உண்டு. பாதி படித்த நாவலோடு ஊர் வந்து, புத்தகக்காரர் இன்னும் மேலே பயணம் செய்ய, கொலை செய்தது யார் என்று தெரியாமலேயே முப்பது வருஷம் வாழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். அம்பேத்கரை முதன்முதலாக ஒரு தபால் ஊழியர் கையிலிருந்து வாங்கிப் படித்தேன் என்று சொன்ன ஏஜென்ட் ஒருவர், கந்த சஷ்டி கவசத்தை ஒரு கம்யூனிஸ்ட் தோழருக்குக் கடன் கொடுத்த கதையையும் சொல்வார். வீட்டு அலமாரி இப்படிக் கலந்து கொடுக்காது. ஆகவே ரயில் புதிதாக வாசகர்களை உண்டாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே படிக்கிறவர் முன்னால் அடுத்தவருடைய புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தது. தப்பித்துப் போக வழியில்லாத நேரத்தையும் கூடவே கொடுத்தது.

பாக்கெட் நாவல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை ரயிலுக்காகவே பிறந்தவை என்று ஒரு பேச்சு உண்டு. எண்பதுகளில் மாத நாவல்கள் தமிழில் கொடிகட்டிப் பறந்தன. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று அட்டையில் பெயர் இருந்தால் போதும். ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1500-ஐத் தாண்டும். உள்ளங்கை அகலம், பத்திரிகைக் காகிதம், நடுவில் பின், கிட்டத்தட்ட நூறு பக்கம். சட்டைப்பையில் அடங்கும், ஒரு கையால் பிடித்து மறு கையால் மேல் கம்பியைப் பற்றிக்கொண்டே படிக்கலாம், திருச்சிக்குள் முடிந்துவிடும். வடிவம் பயணத்துக்குப் பொருந்தியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விற்பனையின் முதுகெலும்பு ரயில் ஸ்டேஷன் இல்லை. பஸ் ஸ்டாண்டும் தெருமுனைப் பெட்டிக்கடையும்தான். தமிழ்நாட்டில் ரயில் போகாத ஊருக்கும் பஸ் போனது, பஸ் நின்ற இடத்திலெல்லாம் வாழைப்பழத்தாருக்குப் பக்கத்தில் நாவல் தொங்கியது. மிச்சம், வாடகைக்குப் புத்தகம் தரும் லெண்டிங் லைப்ரரிகள்.

இந்தியில் இதே காலத்தில் மீரட் நகரம் இப்படிப்பட்ட நாவல்களை மலிவுக் காகிதத்தில் மலைமலையாக அச்சிட்டது. வேத் பிரகாஷ் சர்மாவின் ‘வர்தி வாலா குண்டா’ 1993-இல் வந்தபோது முதல் நாளிலேயே லட்சக்கணக்கில் போனது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பெரிய வெற்றி என்பது மறுக்க முடியாதது. ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். எங்கள் தொழிலில் அச்சடித்த எண்ணிக்கை வேறு, அனுப்பிய எண்ணிக்கை வேறு, ரிட்டர்ன் போக நின்ற எண்ணிக்கை வேறு. வெளியே சொல்வது எப்போதும் முதலாவது. தமிழ் இதழ்களும் இதற்கு விலக்கில்லை.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் உங்கள் தாத்தா சொல்வதை முழுக்க நம்பலாம். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவும், 1972-இல் சிவகாசியிலிருந்து வர ஆரம்பித்த முத்து காமிக்ஸும், ஊருக்குப் போகும் நாளில்தான் பல வீடுகளில் காசு கொடுத்து வாங்கப்பட்டன. மற்ற நாளில் காமிக்ஸ் கேட்டால் முதுகில் இரண்டு விழும். பிள்ளைகள் ஏழு மணி நேரம் அடங்கி உட்கார வேண்டுமென்றால் அப்பாவே இறங்கிப் போய் வாங்கி வருவார். ஏப்ரல், மே மாதங்களில் ஸ்டேஷன் ஸ்டால்களுக்குச் சிறுவர் இதழ்கள் கூடுதலாகக் கட்டப்படும். இது அனுமானமல்ல, கட்டுகளைப் பார்த்தவன் நான்.

ஸ்டால்கள் எங்கே போயின என்பதற்கு ‘செல்போன் வந்தது, எல்லாம் போச்சு’ என்பது பாதிப் பதில்தான். சரிவு அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. தொண்ணூறுகளில் தனியார் தொலைக்காட்சி வந்ததும் தொடர்கதையின் இடத்தை டிவி தொடர் எடுத்துக்கொண்டது; வார இதழ்களின் எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது. அதே பத்தாண்டில் மீட்டர் கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாக அகலப்பாதை ஆயின. வண்டிகள் வேகமாயின, தண்ணீர் பிடிக்கவும் எஞ்சின் மாற்றவும் கால் மணி நேரம் நின்ற ஜங்ஷன்களில் நிறுத்தம் ஐந்து நிமிடமானது. ஐந்து நிமிடத்தில் வடை வாங்கலாம், புத்தகம் புரட்டி வாங்க முடியாது. ஏசி பெட்டிகள் பெருகியபோது ஜன்னல் அடைபட்டது, ஜன்னல் வியாபாரம் அங்கேயே செத்தது. காசுள்ள வாசகர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், புத்தகக்காரப் பையன் இந்தப் பக்கம்.

நிர்வாக முடிவுகளும் சேர்ந்துகொண்டன. 2004-இல் லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது வீலரின் ஏகபோகம் முடிவுக்கு வந்தது. அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒரே கம்பெனி பிளாட்பாரத்தைக் கையில் வைத்திருப்பது நல்லதல்ல. ஆனால் 2017-இல் வந்த கொள்கைதான் புத்தகத்துக்கு அடி. புத்தக ஸ்டால், மருந்துக்கடை, சில்லறைக்கடை எல்லாவற்றையும் ‘பல்பொருள் ஸ்டால்’ என்று ஒன்றாக்கினார்கள். ஸ்டால்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு அடி அலமாரியில் தண்ணீர் பாட்டில் ஒரு நாளில் தருவதைப் புத்தகம் ஒரு மாதத்தில் தராது. உரிமக் கட்டணம் கட்ட வேண்டியவர் எதை முன்னால் வைப்பார்? பிறகு 2020 மார்ச்சில் பயணிகள் ரயில்களே நின்றன. 1941-இல் தொடங்கிய கல்கி அந்த வருஷம் அச்சை நிறுத்திக்கொண்டது. வண்டிகள் திரும்ப ஓடியபோது, திறக்காமலே போன ஸ்டால்கள் பல.

உங்கள் தாத்தாவிடம் இன்னும் கேட்க ஆசைப்பட்டால், ‘என்ன புத்தகம் படித்தீர்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த வண்டி, எந்த வகுப்பு, பகலா இரவா, மரப்பலகையா மெத்தையா என்று கேளுங்கள். இரண்டாம் வகுப்பு மரப்பலகையில் மெத்தை போட்டது மது தண்டவதே அமைச்சராக இருந்த 1977-79 காலத்தில், ஆகவே பலகை என்று சொன்னால் வருஷத்தைக் கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். அப்புறம் அந்தப் புத்தகம் யாருடையது என்று கேளுங்கள். ‘என்னுடையது இல்லை’ என்று பதில் வந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

டெல்லிப் பயணத்துக்கு: தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்றால் நடுவில் ஒரு முழுப் பகல் கிடைக்கும், அதற்கு மட்டும் திட்டம் போடுங்கள். பொடி எழுத்துப் புத்தகம் வேண்டாம், வண்டி ஆட்டத்தில் வரி தப்பும். கெட்டி அட்டைத் தடிப் புத்தகமும் வேண்டாம், மேல் பெர்த்தில் மல்லாந்து படிக்கும்போது மூக்கில் விழும். சிறுகதைத் தொகுப்பு ஒன்று, பழைய வார இதழ் இரண்டு போதும். இதழ்களை ஸீட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். யாராவது எடுத்துப் புரட்டினால் திரும்பக் கேட்க அவசரப்படாதீர்கள். அவர் பையில் என்ன புத்தகம் இருக்கிறது என்று கேட்க அதுதான் நேரம்.